மதுராபதி யாருக்காக வழக்காடினாள்?

சாவு வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கிணற்றில் விழுந்து பிள்ளை இறந்ததா? விதி. பேறுகாலத்தில் மருத்துவ உதவி கிட்டாமல் தாய் மாண்டாளா? விதி. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பாதவர் யார், மருத்துவமனை பத்துக் கல் தொலைவில் இருப்பானேன் என்ற கேள்விகள் அங்கே கூடியிருப்போர் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அந்த ஒரு சொல் விழுந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் தீப்பற்றி 94 குழந்தைகள் கருகி மாண்டனர். வேய்ந்திருந்தது கீற்றுக் கூரை. அதில் பற்றியது சமையல் அடுப்பின் நெருப்பு. கூரையும் அடுப்பும் கண்முன்னே கிடந்த காரணங்கள். அந்த வேளையிலும் தலையெழுத்தின்மேல் பழியைப் போட்டு ஆறுதல் தேடிய வாய்கள் இருக்கத்தான் செய்தன.

இதைச் சொன்னால், கற்ற நண்பர் சிலர் நம்மைக் கனிவோடு திருத்த முன்வருகின்றனர். "கருமக் கொள்கையை நீங்கள் சரியாக அறியவில்லை. அது மனிதனைச் சோம்பேறியாக்குவதன்று. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று உணர்த்துவது. விதைத்தவன் அறுக்கிறான் என்பதைவிடப் பெரிய பொறுப்புணர்ச்சி எது? துன்பமும் வீணன்று, உயிரைப் புடமிட்டுத் தூய்மையாக்கும் நெருப்பு அது" என்பது அவர்கள் வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. பொறுப்பை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? அதைத்தானே நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

ஆனால் அந்த வாதத்தை வானத்தில் வைத்துப் பேசாமல் ஒரு கொலைவழக்கில் வைத்துப் பார்ப்போம். வடமொழிப் புராணம் எதையும் நாம் தேடிப் போகவேண்டியதில்லை. தமிழில் வழக்கின் முழு ஆவணமும் கையில் இருக்கிறது. சிலப்பதிகாரம் என்பது அதன் பெயர். 1892இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டதிலிருந்து தமிழுலகம் அதைப் போற்றி வருகிறது. நம் இயக்கத்தாரும் கண்ணகியை மேடைக்கு அழைத்தனர், 1964இல் 'பூம்புகார்' எனத் திரைக்கு அழைத்தனர், 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலையாக நிறுத்தினர். அந்தச் சிலை 2001இல் அகற்றப்பட்டு 2006இல் மீண்டும் நிலைபெற்ற கதையையும் நாடறியும். பெரியார் இந்நூலைக் கடிந்து பேசினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊழ்வினை உறுதியாக வந்து பயன் ஊட்டும் என்பதை நூலின் மூன்று உண்மைகளுள் ஒன்றாகப் பதிகமே அறிவிக்கும்போது, பகுத்தறிவாளன் புருவம் நெரிப்பது இயல்பு. ஆகவே நூலைப் புகழ்வதையும் இகழ்வதையும் சற்றே ஒதுக்கிவைத்து, கோவலன் சாவுக்கு அந்நூல் எத்தனை விடை சொல்லுகிறது, ஒவ்வொரு விடையையும் யார் வாயால் சொல்லுகிறது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் நிகழ்ச்சி. அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். சிலம்பு விற்க வந்த கோவலனைக் கண்டதும், தன் திருட்டை அவன் தலையில் கட்ட வழி பிறந்தது என்று கணித்து, அவனைத் தன் குடிலருகே இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகிறான். அந்த நேரம் பாண்டியன் எங்கே இருக்கிறான்? ஆடல்மகளிர் கூத்தைக் கண்டு மயங்கிய கணவன்மேல் ஊடி, தலைநோவு என்று சொல்லிப் போய்விட்ட தேவியைத் தேற்ற விரைந்துகொண்டிருக்கிறான். அமைச்சர் அருகில் இல்லை. நடைவழியில் காலில் விழுந்த தட்டான் சொன்ன ஒரு செய்தி. நடைவழியிலேயே பிறந்த ஒரு கட்டளை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள். அழைத்து வா, கேட்போம் என்ற பேச்சே இல்லை. தேவியின் சிலம்புக்குள் இருந்தவை முத்துப் பரல்கள் என்பது அரசனுக்குத் தெரியும். பிறகு அவனே அவையில் அதைச் சொல்லுகிறான். அந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

அடுத்து வருவதுதான் நம் நெஞ்சைச் சுடும் காட்சி. காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே, கொல்லத் தக்கவன் அல்லனே என்று சொல்ல அங்கே ஒருவனுக்கு வாய் இருக்கிறது. உடனே பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டு வகைகளை அடுக்கி ஒரு சொற்பொழிவே நிகழ்த்துகிறான். அறியாமையைக் கல்விபோல் பேசத் தெரிந்தவன் வென்றுவிடும் காட்சி நமக்குப் புதிதன்று! வேல் பிடித்த இளைஞன் ஒருவன், மழை இருளில் ஒரு கள்வன் தன் வாளைப் பறித்து மறைந்த கதையைச் சொல்லி, கட்டளையை நிறைவேற்றாவிட்டால் அரசன் நம்மை ஒறுப்பானே என்று அஞ்சுகிறான். ஐயம் ஒரு பக்கம், அச்சம் ஒரு பக்கம். அவர்கள் பேசி முடிப்பதற்குள், குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

எத்தனை வாயில்கள்! பொற்கொல்லனின் பொய், அரசனின் அவசரம், அமைச்சர் இன்மை, காவலனின் அச்சம், குடிகாரனின் வாள். இவற்றுள் எந்த ஒரு வாயில் அடைபட்டிருந்தாலும் கோவலன் மாலையில் மாதரி வீட்டுக்குத் திரும்பியிருப்பான். இளங்கோ இதை வாயில் வாயிலாகக் காட்டுகிறார். அரசன் ஆராயாமல் கட்டளையிட்ட இடத்தில், வினை பழுக்கும் காலம் வந்தமையால் என்று ஒரு காரணத்தையும் சேர்க்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சொற்களை எடுத்துவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். காட்சியில் எங்கேனும் ஓட்டை விழுகிறதா? விழவில்லை. மனிதர் செய்த செயல்களே அந்தச் சாவை முழுமையாக விளக்கிவிடுகின்றன. வினை அங்கே மிகையாக வந்து நிற்கிறது, கணக்கு முடிந்த பின் போட்ட சுழியைப் போல.

கண்ணகி அவைக்கு வருகிறாள். அவள் வழக்குரைக்கும் முறையை நம் இளைஞர்கள் உணர்ச்சிக்காக மட்டும் போற்றுவது போதாது என்று கருதுகிறோம். அவள் கொண்டுவந்தது கண்ணீரை மட்டுமன்று, சான்றையும் கொண்டுவந்தாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோலாகாது என்று அரசன் சட்டம் பேசுகிறான். அவள் சட்டத்தை மறுக்கவில்லை, நிகழ்ச்சியை மறுக்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அவன் தன் சிலம்பின் பரல் முத்து என்கிறான். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உடைத்தாள், தெரிந்தது. மேலுலகத்துச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு செய்தியை இங்கே மறைக்கக் கூடாது. தான் யாரென்று சொல்லும்போது, வாழவேண்டி ஊழ்வினை துரத்த உன் நகருக்கு வந்தோம் என்ற பொருளில் கண்ணகியும் பேசுகிறாள். கருமக் கொள்கையர் இதை மகிழ்ந்து எடுத்துக்காட்டுவர். காட்டட்டும். ஆனால் அவள் ஊழை எந்த இடத்தில் வைக்கிறாள் என்று பாருங்கள். ஊரைவிட்டு ஊர் வந்ததற்கு ஊழ் என்கிறாள். கொலை என்று வரும்போது அந்தச் சொல் போய்விடுகிறது. உன்னால் கொலையுண்டவன் என்று அரசன் முகத்துக்கு நேரே நிற்கிறாள். பிழைப்புத் தேடிப் புறப்பட்ட பயணத்துக்கு ஊழ் என்று பெயர் வைத்தவள், நீதி தவறிய வாளுக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை.

அரசனும் அந்தப் பெயரை நாடவில்லை. நாடியிருக்கலாமே! அவன் வாயருகே வந்துவிழுந்த மாணிக்கத்தைப் பார்த்துவிட்டு, "உன் கணவன் முன்வினை அப்படி, நான் கருவி" என்று சொல்லியிருந்தால் அந்தக் காலத்து அவையில் தலையாட்டுவதற்கு ஆளா இல்லை? அவன் அப்படிச் சொல்லவில்லை. பொற்கொல்லன் சொல் கேட்ட நானா அரசன், நானே கள்வன் என்ற பொருள்படத் தனக்குத் தானே தீர்ப்பளித்து வீழ்கிறான். பொற்கொல்லன் பொய் சொன்னான் என்று பழியைக் கீழே தள்ளவும் இல்லை. கேட்டது என் குற்றம் என்கிறான். இந்நூலின் மிக உயர்ந்த இடம் இதுவென்பது நம் எண்ணம். அவன் உயிர்விட்டதை நாம் பாராட்டவில்லை. மன்னர் செத்துப்போவதால் மக்களுக்கு வந்த நன்மை எதுவுமில்லை. குற்றத்தின் பெயரையும் குற்றவாளியின் பெயரையும் சேர்த்து உரக்கச் சொன்னானே, அதைத்தான் சொல்லுகிறோம்.

வழக்கு இங்கே முடிந்தது. முடிந்த வழக்கில், நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது, கண்ணகியின் பின்புறமாக ஒருத்தி வந்து நிற்கிறாள். மதுரையின் காவல்தெய்வம், மதுராபதி. அவள் பேசும் கட்டுரை காதையைச் சற்று நின்று படிக்கவேண்டும். இறந்துபோன அரசனுக்காக வாதாடும் வழக்குரைஞரின் பேச்சை ஒத்திருக்கிறது அது.

முதலில் குடிப்பெருமை. பாண்டியர் மறையோசை கேட்டவரேயன்றிக் குறைதீர்க்கக் கோரும் மணியின் ஓசையைக் கேட்டறியாதவர் என்கிறாள். மணி ஒலிக்கவில்லை என்றால் குறையே இல்லை என்றா பொருள்? மணியை எட்டிப்பிடிக்கக் குடிமகனுக்குத் துணிவில்லை என்றும் பொருள்கொள்ளலாமே! போகட்டும். அடுத்துத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதை. அதற்கடுத்துச் சொல்லும் கதைதான் அவள் வழக்கையே கவிழ்த்துவிடுகிறது.

திருத்தங்கால் என்ற ஊரில் வார்த்திகன் என்றோர் அந்தணன். அவன் சிறுவன் மழலை மாறாத வாயால் மறை ஓதக் கேட்டு மகிழ்ந்த பராசரன், தான் சேரனிடம் பெற்ற பரிசிலிலிருந்து அணிகலன்களை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துப் போகிறான். திடீரென்று வந்த செல்வத்தைக் கண்ட அரசு ஊழியர், புதையலைக் கவர்ந்தான் என்று பழிசுமத்தி வார்த்திகனைச் சிறையில் இடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். ஐயை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. அரசன் காரணம் வினவுகிறான், உண்மை தெரிகிறது. உடனே செய்தது என்ன? வார்த்திகனை விடுவிக்கிறான். பிழை பொறுக்கவேண்டும் என்று மன்னிப்புக் கேட்கிறான். திருத்தங்காலையும் வயலூரையும் கொடையாகக் கொடுக்கிறான். சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், இறுக்கமுடியாத வரியைத் தள்ளவும், புதையல் கண்டெடுத்தவர்க்கே உரியது என்று பறையறையவும் ஆணையிடுகிறான். நல்ல ஆட்சி! நாமும் பாராட்டுகிறோம்.

இப்போது நம் கேள்வி இது. பொய்ப் பழியால் சிறைப்பட்ட வார்த்திகனுக்கு முற்பிறப்பு எங்கே? அவன் முன்னொரு பிறவியில் யாரைச் சிறையிட்டான் என்று தெய்வம் ஏன் சொல்லவில்லை? சொல்லவேண்டிய தேவை நேரவில்லை. அந்தக் குற்றம் உடனே ஒப்புக்கொள்ளப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது, சட்டம் திருத்தப்பட்டது. அந்தணன் சிறைபுகுந்தால் அது ஊழியர் பிழை, அரசன் திருத்தவேண்டிய பிழை. வணிகன் வெட்டுண்டால் மட்டும் முற்பிறப்பு! ஒரே காதையில், ஒரே வாயால், ஒரே மூச்சில் இரண்டு நீதி. திருத்தக்கூடிய தவறுக்கு மனிதக் காரணமும், திருத்தமுடியாத தவறுக்குத் தெய்வக் காரணமும் வகுக்கப்படுவதை இதைவிடத் தெளிவாக எந்த நாத்திகனும் காட்டியிருக்க முடியாது.

அந்த முற்பிறப்புக் கதையையும் பார்த்துவிடுவோம். கலிங்க நாட்டில் சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் பகை. கபிலபுரத்திலிருந்து சங்கமன் என்ற வணிகன் மனைவியோடு வந்து சிங்கபுரத்தில் அணிகலன் விற்கிறான். அங்கே அரசபணியில் இருந்த பரதன் அவனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலறித் திரிந்து, எமக்கு இது செய்தோர் இதையே அடைக என்று சாபமிட்டு மலையிலிருந்து விழுந்து மாய்கிறாள். அந்தப் பரதனே இந்தக் கோவலன். இதுதான் தெய்வம் தந்த விளக்கம்.

விளக்கம் எதை விளக்குகிறது? அங்கேயும் ஒரு வணிகன். அங்கேயும் விற்க வந்த அணிகலன். அங்கேயும் அரண்மனையை அண்டிப் பிழைத்தவன் சொன்ன பொய். அங்கேயும் ஆராயாமல் கொன்ற ஓர் அரசாட்சி. மதுரையில் நடந்ததை அப்படியே கலிங்கத்துக்குப் பெயர்த்துவைத்திருக்கிறார்கள். காட்டிக்கொடுத்த பரதனுக்கு மறுபிறவியில் தண்டனை கிடைத்தது. அவன் பேச்சைக் கேட்டு உயிரை வாங்கிய சிங்கபுரத்து அரசனுக்கு? அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் பிறவியில் அரசன் தப்பவேண்டும் என்பதற்காகச் சொன்ன கதையில், அந்தப் பிறவி அரசனும் தப்பிவிட்டான்! சரி, கலிங்கத்துச் சங்கமன் எந்த வினையால் மாண்டான்? அவனுக்கும் ஒரு முற்பிறப்பு வேண்டுமே. அதற்கு முன்னொன்று, அதற்கு முன்னொன்று. யாரும் எங்கும் முதல் குற்றவாளியாக அகப்படாத கணக்கு இது. பொறுப்பைப் போதிக்கும் கொள்கை என்றார்களே, அது பொறுப்பை ஒவ்வொரு பிறவியாகப் பின்தள்ளிக்கொண்டே போகிறது, வாய்தா வாங்கும் வக்கீலைப் போல.

கோவலனின் உண்மையான குற்றம் ஒன்று உண்டே! மணந்த மனைவியை விட்டு மாதவியிடம் போனான், முன்னோர் தேடிய செல்வத்தை அழித்தான். அதை அவனே உணர்ந்தான். கொலைக்களத்துக்குப் புறப்படுமுன் கண்ணகியிடம், வீணர் கூட்டத்தில் கெட்டேன், பெற்றோர்க்குச் செய்யவேண்டிய கடமையில் தவறினேன், உனக்குச் சிறுமை செய்தேன் என்று வருந்துகிறான். அவளும் மழுப்பவில்லை, சான்றோர் போற்றாத ஒழுக்கம் புரிந்தீர் என்று பதில் தருகிறாள். இரண்டு மனிதர் தங்களுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்ட இடம் அது. தன் செயலுக்குத் தான் பொறுப்பு என்பது இதுதான். இதற்கு மறுபிறவி தேவைப்படவில்லை. மதுராபதியோ இந்தக் குற்றத்தை எண்ணவே இல்லை! நினைவில் உள்ள தவற்றுக்குத் தெய்வத்தின் ஏட்டில் வரவு இல்லை. நினைவே இல்லாத பரதனின் பாவத்துக்குத் தலை போகிறது. செய்ததை அறியாதவனைத் தண்டித்தால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? புடமிடும் நெருப்பு என்றார்கள். எந்த அழுக்கு என்பதைப் பொன்னுக்கும் சொல்லாத புடம்!

இந்தக் கதை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கும் நூலிலேயே தடயம் இருக்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் அந்தணன் கோவலனைச் சந்திக்கிறான். யானையின் பிடியிலிருந்து முதியவரை மீட்டது, கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனிக்குப் பொருள் தந்து குடும்பத்தைச் சேர்த்தது, பூதத்தின் கையில் சிக்கிய பொய்ச்சாட்சிக்காரனுக்கு மாற்றாகத் தன்னுயிரையே தர முன்வந்தது என்று கோவலன் செய்த நன்மைகளை எல்லாம் சொல்லிவிட்டு மலைத்து நிற்கிறான். பொய்ச்சாட்சிக்காரனைக் காப்பாற்றத் துடித்தவனைப் பொய்ச்சாட்சி கொன்றது என்பதை நினைக்கும்போது நமக்கும் நெஞ்சு கனக்கிறது. மாடலன் என்ன செய்கிறான்? இந்தப் பிறவியில் நீ செய்ததாக நானறிந்தவை நல்வினைகளே. ஆகவே இத்துன்பம் முற்பிறவியின் பயனோ என்கிறான். கவனியுங்கள். முற்பிறப்பை யாரும் கண்டு சொல்லவில்லை. நல்லவன் துன்புறுகிறான், கணக்கு உதைக்கிறது, உதைக்கும் கணக்கை நேர்செய்யக் காணாத ஏடொன்று கொண்டுவரப்படுகிறது. உலகம் நீதியாக நடக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வராதபோது பிறப்பதே இந்தக் கொள்கை.

கண்ணகிக்கும் ஒருத்தி இதே மருந்தை நீட்டினாள். முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்யவேண்டிய நோன்பில் தவறினாய், இரண்டு குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொன்னாள். கண்ணகி என்ன சொன்னாள்? அது பெருமையன்று என்று மறுத்து இருந்துவிட்டாள். கணவன் போனது கணவன் செயல்; தான் குளத்தில் மூழ்கவேண்டியது எதற்கு? இத்தனைக்கும் அவள் அப்போது அழுதுகொண்டிருக்கும் பெண். அழுதுகொண்டே அறிவை இழக்காதிருக்க முடியும் என்பதற்கு அவளே சான்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் பேசும்போது நம் புலவர்கள் வேகமாக அடுத்த பக்கம் புரட்டிவிடுகின்றனர். பாண்டியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், ஆயிரம் பொற்கொல்லரை ஒரே நாளில் கண்ணகிக்கு உயிர்ப்பலி கொடுத்தான் என்கிறது நூல். பொய் சொன்னவன் ஒருவன். பலியானவர் ஆயிரவர். அவர்கள் செய்த குற்றம், அதே தொழிலைச் செய்தது. அந்த ஆயிரவர் முற்பிறப்பில் யாரைக் கொன்றார்கள் என்று சொல்ல எந்தத் தெய்வமும் பின்னால் வந்து நிற்கவில்லை. அரசனைக் காப்பாற்றப் பிறவிக் கணக்கு. தொழிலாளனைக் கொல்லக் கணக்கே இல்லை. தொழிலைச் சாதியாக்கி, ஒருவன் குற்றத்தைச் சாதியின் குற்றமாக்கும் வழக்கம் இந்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தச் சில அடிகள் போதும். இது நடந்ததா, புலவர் புனைந்ததா என்பது வேறு. புனைந்தவர்க்கும் கை நடுங்கவில்லை என்பதே செய்தி.

மதுராபதி பேசியதற்குச் சாட்சி யார்? பதிகம் சொல்கிறது: சாத்தனார். எங்கே இருந்தார்? மதுரையில் வெள்ளியம்பலத்தில், நள்ளிருளில் படுத்துக்கிடந்தார். அப்போது தெய்வம் கண்ணகிக்குச் சொல்லியதைக் கேட்டாராம். பதிகம் இளங்கோவின் கையால் ஆனதன்று என்று கருதும் அறிஞர் உண்டு. அந்த ஆய்வுக்குள் நாம் நுழையவில்லை. யார் எழுதியிருந்தாலும், சிலம்பு உடைந்தது அவையில், பலர் பார்க்க. ஊழ் வெளிப்பட்டது இரவில், படுத்திருந்த ஒருவர் காதில். எந்தச் சாட்சியத்தை ஏற்பது என்று இளைஞர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

கோவலன் இறந்த செய்தி பரவியபின் இரண்டு பெண்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்று மாடலன் செங்குட்டுவனிடம் சொல்லுகிறான். ஒருவர் கவுந்தியடிகள், சமணத் துறவி, கற்றவர், வழியெல்லாம் அறம் உரைத்து வந்தவர். என்னோடு வந்த இவர்களின் வினைதான் இப்படிச் சினந்து வந்ததோ என்று கேட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறார். மற்றவள் மாதரி, மோர் விற்ற ஆயர்குலப் பெண். அவள் வினை என்ற பேச்சையே எடுக்கவில்லை. என்னிடம் ஒப்படைத்த அடைக்கலத்தை இழந்தேனே என்று ஆயர்களைக் கூவி அழுகிறாள். அரசனின் குடையும் கோலும் தவறினவோ என்று கேட்டுத் தீயில் பாய்கிறாள். இந்தச் சாவுகளில் எதையும் நாம் போற்றவில்லை; தீயில் பாய்வது பெண்ணுக்கு அழகு என்று பாடிய காலத்தைப் புதைக்கத்தான் வந்திருக்கிறோம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏடு படித்தவர் முற்பிறப்பைக் கேட்டார். மோர் விற்றவள் தன் கடமையையும் அரசின் கடமையையும் கேட்டாள். பொறுப்பு என்ற சொல்லின் பொருள் இருவருள் யாருக்குத் தெரிந்திருந்தது?

வஞ்சிக் காண்டத்தில் சிலைவடிவில் தெய்வமாகிவிட்ட கண்ணகியே, தென்னவன் தீதற்றவன், நான் அவன் மகள் என்று சொல்லவில்லையா என்று நண்பர்கள் கடைசி அம்பை எடுப்பர். சொல்லுகிறாள்தான். உயிரோடிருந்த கண்ணகி நெறிதவறிய அரசே என்றாள். கல்லான கண்ணகி குற்றமற்ற அரசன் என்கிறாள். உயிரோடிருந்தவரை அவள் பேச்சு அவளுடையது. கோயில் எழுப்பியவர்கள் மன்னர்கள். கோயிலுக்குள் இருக்கும் கல் என்ன பேசவேண்டும் என்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. கலகம் செய்தவரைக் கல்லாக்கி, கல்லின் வாயில் சமாதானத்தை வைப்பது இன்றும் நடப்பதுதானே. மணிமேகலையில் சாத்தனார் இன்னும் ஒருபடி மேலே போய், மதுரையை எரித்த சினத்தின் பாவம் தன்னையும் விடாது என்று கண்ணகியின் வாயாலேயே சொல்லவைக்கிறார். கொன்ற அரசன் விருந்தாளியாக வானுலகில். நீதி கேட்ட பெண்ணின் பெயரில் பாவக் கணக்கு!

வள்ளுவரை எடுத்து வருவோரும் உண்டு. ஊழின் வலிமையைப் பேசும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. சோர்வின்றி முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்று பேசும் அதிகாரமும் இருக்கிறது. பல்லக்கைச் சுமப்பவனையும் ஊர்ந்து செல்பவனையும் காட்டும் குறளுக்குப் பரிமேலழகர், அறத்தின் பயனை அறிய நூல் வேண்டா, இவ்விருவரைப் பார்த்தாலே போதும் என்ற கருத்தில் உரை கண்டார். அவ்விருவரிடையே நின்று இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என அக்குறள் தடுப்பதாகப் பொருள் கண்டவர்களும் உள்ளனர். எந்த உரை சரி என்பதைப் புலவர்கள் இன்னும் பேசட்டும். பல்லக்கைத் தூக்கியவனுக்கு முதல் உரையால் என்ன கிடைத்தது என்பதை மட்டும் நாம் கேட்டுவைக்கிறோம். தோள் வலிக்கு அது மருந்தாகவில்லை. இறக்கிவைக்கலாம் என்ற எண்ணத்தைத்தான் அது கொன்றது.

இளங்கோவை இதனால் நாம் தள்ளிவிடவில்லை. ஊழை நம்பிய காலத்தில் ஊழை நம்பியவர் அவர். நம்பிக்கொண்டே, காவலனின் தயக்கத்தையும் குடிகாரனின் வாளையும் மறைக்காமல் எழுதினார். வார்த்திகன் கதையையும் சங்கமன் கதையையும் ஒரே காதைக்குள் அடுத்தடுத்து வைத்தார். மறைத்திருந்தால் நமக்கு இந்த வழக்கை மறுபடி திறக்க வழியே இருந்திருக்காது.

மதுராபதி தன் நெடிய பேச்சை முடித்ததும் கண்ணகி என்ன மறுமொழி சொன்னாள் என்று காதையில் தேடிப் பாருங்கள். ஆம், என் கணவன் முற்பிறப்பில் பரதன், அவன் வினை அவனைச் சுட்டது, நான் ஆறினேன் என்று அவள் சொல்லவில்லை. பாண்டியனை மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கணவனைக் காணும் வரையில் உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்றாள். கொற்றவை கோயில் வாயிலில் கைவளையை உடைத்தாள். கிழக்கு வாயிலில் கணவனோடு இந்நகர் புகுந்தேன், மேற்கு வாயிலில் தனியளாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரவென்றும் பகலென்றும் பாராமல் வையைக் கரையோடு நடந்துபோனாள்.